இருநூறுக்குப் பதில் இருபது

பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் சொட்டு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி இருந்தது. நல்ல நாற்காலி; சுழலும், உயரும், இறங்கும். வாங்கி ஆறு வருஷமாகியும் அதன் பிளாஸ்டிக் உறைகூடக் கசங்கவில்லை. அவள் நின்றுகொண்டே அளப்பாள், நடந்துகொண்டே யோசிப்பாள், ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டே எழுதுவாள். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் ஊரைக் கூட்டிவிடுகிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அவளே அதை மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்த்தாள்.

அன்று மதியம் ஒன்றேகால் மணிக்கு அந்த அறைக்குள் அவள் நடந்த நடையை நேர்க்கோட்டில் நீட்டியிருந்தால் அடுத்த நாட்டு எல்லையில் பாஸ்போர்ட் கேட்டிருப்பார்கள். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது பாக்குத்தூள் ஆகிவிட்டது.

எல்லாம் ஒரு காகிதத்தில் இருந்த ஓர் எண்ணால் வந்த வினை. இருபது.

இருக்க வேண்டியது இருநூறு.

விஷயம் இதுதான். சில பேருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பாலில் இருக்கிற சர்க்கரையை அவர்கள் வயிற்றுக்கு உடைக்கத் தெரியாது. ஒரு டம்ளர் உள்ளே போனால் அடுத்த வீட்டுக்காரர் இடி இடிக்கிறதென்று துணியை எடுக்க மாடிக்கு ஓடுவார். அப்படிப்பட்டவர்களுக்காக ஆலை பாலில் ஒரு நொதியைக் கலந்து, சர்க்கரையை முன்கூட்டியே உடைத்து அனுப்பும். நொதி, அதாவது என்சைம், என்றால் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கூலியாட்கள், அவ்வளவுதான். ட்ரம்மில் வருகிற திரவத்தில் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொட்டு எண்ணிச் சொன்னால்தான் தொட்டியில் எவ்வளவு ஊற்றுவது என்று முடிவாகும்.

கண்ணுக்குத் தெரியாதவனை எப்படி எண்ணுவது? அவன் செய்கிற வேலையை வைத்துத்தான். பால் சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பொருள் உண்டு. அதை நொதி உடைத்தால் மஞ்சள் நிறம் வரும். விரல் நீளச் சதுரக் கண்ணாடிக் குப்பியில் நொதியை விட்டு, அந்தத் தம்பியைத் தீனியாகப் போட்டு, மஞ்சள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கருவியில் பார்ப்பாள். தீனி கொஞ்சமாக இருந்தால் ஆட்களில் பாதிப் பேர் வேலையில்லாமல் பராக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டக் கூட்ட வேகம் ஏறும். கடைசியில் எல்லார் கையிலும் வேலை. இதற்குமேல் மலையைக் கொண்டுவந்து கொட்டினாலும் வேகம் ஏறாது என்கிற இடம் வரும். அதுதான் உச்ச வேகம். ஓர் ஆள் நொடிக்கு அறுநூறு உடைப்பான் என்பது தெரிந்த கணக்கு. உச்ச வேகத்தை அறுநூறால் வகுத்தால் ஆள் எண்ணிக்கை கையில். கட்டடம் கட்டுகிற இடத்தில் செங்கல் ஏறுகிற வேகத்தைப் பார்த்தே சித்தாள் எத்தனை என்று மேஸ்திரி சொல்வதில்லையா, அதேதான்.

அன்றைக்கு உச்ச வேகம் நூற்றிருபது வந்தது. அறுநூறால் வகுத்தால் புள்ளி இரண்டு. கண்ணாடிக் குப்பியில் விடும்போது நொதி பத்து மடங்கு நீர்த்துப்போகிறது, ஆகவே பத்தால் பெருக்கு: இரண்டு. அதற்கும் முன்னால், ட்ரம்மிலிருந்து எடுத்த மாதிரியை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு குளிர்ந்த கரைசல் ஊற்றி நீர்த்திருக்கிறாள். நேராக விட்டால் வேகம் கருவியின் கண்ணில் மண்ணைத் தூவிவிடும். அதற்கு இன்னொரு பத்து. ஆக, இருபது. ட்ரம்மின் லேபிளில் கொட்டை எழுத்தில் இருநூறு.

ஒரு தடவை வந்திருந்தால் கை நடுக்கம் என்று விட்டிருப்பாள். மூன்று தடவை செய்தாள். இருபது, இருபது, பத்தொன்பதே முக்கால்.

வேறு யாருடைய ட்ரம்மாக இருந்தாலும் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள். இது அவள் அக்காவுடைய ட்ரம்.

கூடப்பிறந்த அக்கா. ஈஸ்ட்டை வளர்த்து நொதி எடுத்து விற்கிற தொழிலில் இறங்கி நான்கு வருஷம். இதுநாள்வரை லிட்டர் கணக்கில் சின்னச் சின்ன ஐஸ்கிரீம் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாக ஓர் ஆலைக்கு ட்ரம் அனுப்பியிருக்கிறாள். இது திரும்பிப் போனால் வேறு எந்த ஆலை வாசலிலும் அவள் வண்டி நிற்க முடியாது. பால் தொழிலில் பாலைவிட வதந்தி சீக்கிரம் திரியும்.

உறவு விஷயத்தைச் சொட்டு மறைக்கவில்லை. மேலாளரிடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் படிக்கக்கூட இல்லை. அவருக்கு ஆலையில் அவசரம் என்று பெயர். தேநீரை ஆறவைக்க நேரமில்லாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டே பதினெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். "அக்காவோ அத்தையோ... நம்பர் பொய் சொல்லாதும்மா... நீயே பாரு" என்று போய்க்கொண்டே சொல்லிவிட்டார்.

அதே அவசரம் இப்போது கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டார். உடம்பு ஏற்கெனவே அடுத்த அறைக்குக் கிளம்பியிருந்தது.

"நம்பர்?"

"சார், வந்து..."

"வந்துச்சா, வரலையா? பன்னெண்டாயிரம் லிட்டர் தொட்டில நிக்குது. மூணு மணிக்கு என்சைம் ஊத்தலைன்னா பாலைப் பவுடராக்க அனுப்பணும். டேங்கர்காரனுக்குச் சொல்லணும். சொல்லவா?"

"இருபது வருது சார்."

தலை கொஞ்சம் உள்ளே வந்தது. "எவ்வளவு இருக்கணும்?"

"இருநூறு."

"ஓ." அவர் ஒரு முழு நொடி நின்றார். பதினெட்டு வருஷத்தில் அதுவே நீண்ட ஓய்வு. "அப்போ ரிட்டர்ன்தான். எழுதிரு. உங்க அக்காவுக்கு நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"மூணு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல சார்?"

"ரெண்டே முக்கால்." கதவு சாத்திக்கொண்டது.

சொட்டு மறுபடி நடந்தாள். சன்னலுக்கு நாலடி, கை கழுவும் தொட்டிக்கு நாலடி, கருவிக்கு ஐந்தடி. கணக்கைத் தலைகீழாகப் போட்டாள், குறுக்காகப் போட்டாள். நொதி கெட்டுப்போயிருக்குமோ? வெயிலில் வண்டி நின்றிருந்தால் ஆட்கள் செத்திருக்கலாம். ஆனால் சாவு கணக்குப் பார்த்து வருமா? கெட்டுப்போகிற பொருள் முப்பத்தேழில் நிற்கும், நூற்றுப்பதினொன்றில் நிற்கும். சரியாகப் பத்தில் ஒன்றில் வந்து, சேவகன் மாதிரி கைகட்டி நிற்காது. வேறு ஏதாவது குறுக்கே புகுந்து ஆட்களை வேலை செய்யவிடாமல் தடுக்கிறதா? அப்படியும் தெரியவில்லை. பாதி வேகத்தை எட்ட எவ்வளவு தீனி வேண்டும் என்று பார்த்தாள். அக்கா கொடுத்த காகிதத்தில் இருந்த அளவேதான். ஆட்கள் அதே ஆட்கள். சுறுசுறுப்பும் அதேதான். தலை எண்ணிக்கை மட்டும் பத்தில் ஒன்று.

பத்தில் ஒன்று என்றால் இயற்கை இல்லை. யாரோ அளந்து ஊற்றியிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் அவள் கால் நின்றுபோனது. ஏனென்றால் அளந்து ஊற்றுகிற கை ஒன்றை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஊற்றி, குலுக்கிக் குலுக்கி, குடும்பம் முழுவதையும் பதினோரு மாதம் குளிப்பாட்டியவள் அவள் அக்கா. கடைசி இரண்டு மாதம் அந்தப் பாட்டிலில் இருந்தது ஷாம்புவின் ஞாபகம் மட்டும்தான். நுரை வரவில்லை என்று அழுத தங்கையிடம், "நுரை கண்ணுக்கு. சுத்தம் மனசுக்கு" என்று தத்துவம் வேறு.

கை போனை எடுத்துவிட்டது. மூளை பின்னாலேயே ஓடிவந்து 'வேண்டாம், வேண்டாம்' என்றது. மணி அடித்துவிட்டது.

"சொல்லுடி! ஊத்தியாச்சா?" அக்காவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பின்னால் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"இல்லக்கா. ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்காதன்னு ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வந்துரும்னு தெரியும்ல. கேளு."

"ட்ரம்ல... தண்ணி ஏதாச்சும் கலந்தியா?"

பாத்திரச் சத்தம் நின்றது. உலகத்தில் எல்லாப் பாத்திரச் சத்தமும் நின்றது.

"என்னடி கேட்ட?"

"நம்பர் இருபது வருதுக்கா. சரியா பத்துல ஒண்ணு. தானா கெட்டா இப்படி ரவுண்டா வராது. அதான், அவசரத்துல, பத்தலைன்னு, கொஞ்சம்..."

"கொஞ்சமா? பத்துல ஒண்ணுன்னா ஒன்பது பங்கு தண்ணி. அதுக்குப் பேரு உங்க ஊர்ல கொஞ்சமா?"

"நம்ம ஊருதானேக்கா..."

"அங்கேயே நில்லு. வர்றேன்."

நில் என்றால் சொட்டுவால் முடியுமா? சாதாரண வேகத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆகிற சாலை அது. அக்கா பதினெட்டில் வந்தாள். அதற்குள் சொட்டு கை கழுவியது ஏழு தடவை, கடிகாரம் பார்த்தது எண்பது தடவை, பதிவேட்டைத் திறந்து 'இருபது' என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தது கணக்கில்லை. எழுதிவிட்டால் அக்காவின் கதை முடிந்தது. எழுதாவிட்டால், பால் ஒத்துக்கொள்ளாத பாவப்பட்ட பன்னிரண்டாயிரம் வயிறுகள்! அவர்கள் முகம்கூடத் தெரியாது. ஆனால் ஒவ்வொருத்தரும் கழிவறை வாசலில் நின்று அவளைச் சபிப்பது காதில் கேட்டது.

இரண்டு பத்துக்கு வாசலில் பிரேக் போட்ட சத்தம் கேட்டு மரத்தில் இருந்த காக்கைகள் இடம் மாறின. தலையில் வலைத்தொப்பி, காலில் உறை, கையில் 'பார்வையாளர்' அட்டை என்று சகல மரியாதைகளோடும் அக்கா உள்ளே வந்தாள். வலைத்தொப்பி போட்டுக்கொண்டு ஒருத்தி இத்தனை பயங்கரமாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. பின்னாலேயே அவசரம்.

"இவங்கதானா?" என்றார். "வாங்க. ரெண்டு பத்து ஆகுது. சொல்லுங்க."

"நான் சொல்ல ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அக்கா. "ட்ரம்மைத் திறங்க. புதுசா எடுத்து என் கண்ணு முன்னாடி பாக்கச் சொல்லுங்க."

"அப்படி முடியாதும்மா. ட்ரம்மை ஒரு தடவைதான் திறக்கலாம். திறக்கத் திறக்கத் தூசி, கிருமி. ரெண்டாவது தடவை திறக்கணும்னா காரணம் எழுதணும். 'சப்ளையருக்குக் கோவம்'னு எழுத முடியாது."

"சரி. முதல் தடவை எடுத்தது எங்க?"

சொட்டு பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து சின்னக் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினாள். விரல் உயரப் பிளாஸ்டிக் குழாய், மேலே மூடி. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாய்த்தாள். மறுபடி சாய்த்தாள்.

"இது என்னோடது இல்ல."

"உன் ட்ரம்ல இருந்து எடுத்ததுதான்க்கா."

"நாலு வருஷமா இதைப் பாத்துப் பாத்துத்தான் தூங்கறேன். என் சரக்கு லேசா பழுப்பா இருக்கும், சாய்ச்சா கொஞ்சம் மெதுவா வரும். இது தண்ணி மாதிரி ஓடுது. யாரு எடுத்தது?"

"காலைல சிக்கனம் எடுத்து வெச்சாங்க. நான் வர்றதுக்குள்ள பல் டாக்டர்கிட்ட போயிட்டாங்க."

சிக்கனம் என்பது காலை நேரப் பரிசோதகர். ஒரு சோப்பை இரண்டாக வெட்டி, பாதியை அலமாரியில் பூட்டி வைக்கிற ஜாதி. சொட்டுவும் அவளும் ஆறு வருஷமாக ஒரே மேசையை இரண்டு வேளையாகப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள். ட்ரம்மிலிருந்து மாதிரியைச் சிக்கனம் எடுத்து வைப்பாள். நீர்ப்பது, அளப்பது, கணக்குப் போடுவது எல்லாம் சொட்டு. ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட இந்த வரிசை மாறியதில்லை.

அக்கா மூடியைத் திருப்பினாள். அதில் நீலமாக ஏதோ தீற்றியிருந்தது.

"இது என்ன எழுத்து?"

சொட்டு குனிந்து பார்த்தாள். குழாயை எடுத்தபோதே அந்த நீலத்தைப் பார்த்திருந்தாள். பனிக்கட்டித் தண்ணீரில் மை கரைந்திருக்கிறது, தேதியாக இருக்கும் என்று நினைத்து அதோடு விட்டுவிட்டாள். அக்காவின் ட்ரம் நல்லபடியாக வரவேண்டுமே என்கிற பதற்றத்தில் அன்று அவள் தேதியைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்க்கவில்லை, சாப்பாட்டுப் பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை.

போனில் சிக்கனத்தின் எண்ணைத் தேடி எடுத்தாள்.

"சார், ஒரு போன் பண்ணிக்கறேன்" என்றாள்.

மூன்றாவது தடவை அடித்தபோது யாரோ ஒரு நர்ஸ் எடுத்தாள். "அவங்க நாற்காலில இருக்காங்க. வாய் மரத்துப்போயிருக்கு, பேச முடியாது. ஒரு மணி நேரம் கழிச்சுப் பண்ணுங்க."

"ஒரு மணி நேரத்துல பன்னெண்டாயிரம் லிட்டர் பவுடராயிடும்மா! காதுல மட்டும் வைங்க. அவங்க பேச வேண்டாம், தட்டினா போதும்."

போன் காதில் வைக்கப்பட்டது. சொட்டு இந்தப் பக்கம் ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தப் பக்கம் உறிஞ்சு குழாயின் கொரகொர சத்தம். அதற்கு நடுவே "ஊங்ங்" என்று ஓர் உறுமல்.

"சிக்கனம், நான்தான் சொட்டு. வாயைத் திறக்காத... சரி, ஏற்கெனவே திறந்துதான் இருக்கு. நான் கேக்கறேன், ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. புரிஞ்சுதா?"

டொக்.

"காலைல ட்ரம்ல இருந்து மாதிரி எடுத்தியா?"

டொக்.

அவசரம் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. தொட்டிப் பக்கத்திலிருந்து தொட்டிக்காரர், ஏதோ துப்பாக்கிச் சண்டை என்று நினைத்து, வால்வைத் துடைத்த துணியோடு வந்து கதவருகே நின்றார்.

"எடுத்து அப்படியே வெச்சியா?"

டொக் டொக்.

யாரும் மூச்சு விடவில்லை. அந்தப் பக்கம் பல் டாக்டர்கூட மூச்சு விடவில்லை போலிருந்தது.

"நீர்த்து வெச்சியா? பத்து மடங்கு?"

டொக். அப்புறம் ஏதோ பெரிதாகச் சொல்ல முயன்று, "ங்ஙனக்கு ங்ஞேழ மிஞ்ஞம்" என்று வந்தது. நர்ஸ் போனை வாங்கினாள்.

"பேப்பர்ல எழுதிக் காட்டறாங்க. படிக்கவா? 'உங்க அக்கா சரக்குன்னு நீ டென்ஷனா இருப்பே, ஒரு வேலை குறையட்டுமேன்னு நானே பண்ணி வெச்சேன். மூடில எழுதியிருக்கேன் பாரு.' இவ்வளவுதான். இன்னும் எழுதறாங்க... 'அந்தப் பேனாவை எடுத்து உள்ள வை, மூடி திறந்திருந்தா காய்ஞ்சுடும்.'"

ஆறு வருஷத்தில் சிக்கனம் செய்த ஒரே ஊதாரித்தனம் அந்த உதவி.

சிக்கனம் பத்து மடங்கு நீர்த்தாள். அதை நீர்க்காத சரக்கு என்று நம்பி, சொட்டு மறுபடி பத்து மடங்கு நீர்த்தாள். கணக்கில் ஒரு பத்தை மட்டும் பெருக்கினாள். அந்த இன்னொரு பத்து பனிக்கட்டித் தண்ணீரில் நீலமாகக் கரைந்து போய்விட்டது. இருபதைப் பத்தால் பெருக்கினால் இருநூறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்காமல் சொல்லும்.

"காரணம் கிடைச்சுது சார்" என்றாள் சொட்டு. "எழுதறேன்."

எழுதும்போது ஓர் இடத்தில் பேனா தயங்கியது. 'காலைப் பணியாளர்' என்று எழுதினால் பாதிப் பழி பல் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவும் பொய் இல்லை. சொட்டு காலை ஆட்டினாள், பேனா மூடியில் மிச்சமிருந்ததைக் கடித்தாள், எழுதினாள்: 'மாதிரி இருமுறை நீர்க்கப்பட்டது. மூடியில் இருந்த குறிப்பு அழிந்திருந்ததைக் கண்டும் நான் விசாரிக்கவில்லை.' கீழே கையெழுத்து. ஆறு வருஷமாக ஒரு பிழை ஏறாத பதிவேடு அது. அவள் எழுதிய அந்த இரண்டு வரியும் பக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

அவசரம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "ரெண்டு இருபத்தஞ்சு. ஓடுங்க!"

ஓடினார்கள். தொட்டிக்காரர் குளிரறையிலிருந்து ட்ரம்மை உருட்டி வந்த வேகத்துக்கு அவருக்கு யாராவது பதக்கம் கொடுத்திருக்க வேண்டும். மூடி திறந்தது. லேசான பழுப்பு, சாய்த்தால் மெதுவாக வந்தது. இந்தத் தடவை சொட்டு புதுக் குழாயில் எடுத்தாள், மூடியில் எழுதினாள், எழுதியதன் மேல் ஒட்டுப் பட்டையும் ஒட்டினாள். ஒரு பங்குக்கு ஒன்பது. "ஒரு தடவை" என்று வாய்விட்டுச் சொன்னாள். தொட்டிக்காரரும் "ஒரு தடவை" என்று சாட்சி சொன்னார்.

ஆறு குப்பிகள், ஆறு அளவு தீனி. முதல் குப்பியில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. இரண்டாவதில் நடந்தது. நான்காவதில் ஓடியது. ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசமே இல்லை. எல்லார் கையிலும் வேலை. கருவி எண்ணைத் துப்பியது: ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நான்கு. அறுநூறால் வகுத்து, குப்பிக்கு ஒரு பத்து, குழாய்க்கு ஒரு பத்து.

"நூத்தித் தொண்ணூத்தொம்பது" என்றாள் சொட்டு.

"அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா சிரிப்புக்குச் சொல்லவும் இல்லை.

"ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கும்மா, எல்லா மிஷின்லயும்..." என்று தொட்டிக்காரர் சமாதானம் சொல்லப் போய், அக்கா திரும்பிப் பார்த்ததும் அவருக்கு வால்வு ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு நொதி தொட்டியில் இறங்கியது. அவசரம் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு நிமிஷம் மிச்சம் என்பதைத் தாங்கிக்கொள்ள முடியாமல் வேறு எங்கோ ஓடினார். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் கூலியாட்கள் பாலுக்குள் குதித்து வேலையை ஆரம்பித்தார்கள். நாளைக் காலைக்குள் சர்க்கரை முழுவதும் உடைந்துவிடும்.

பரிசோதனைக் கூடத்தில் இப்போது அக்காவும் தங்கையும் மட்டும்.

அக்கா வலைத்தொப்பியைக் கழற்றி நாலாக மடித்தாள். "ட்ரம் விஷயம் முடிஞ்சுது. போன் விஷயம்?"

சொட்டு சன்னல் பக்கம் நாலடி நடந்தாள், திரும்பினாள். "மன்னிச்சுருக்கா."

"மூணு தடவை டெஸ்ட் பண்ணியே. மூணு தடவைல ஒரு தடவையாச்சும், 'அக்கா, நம்பர் இடிக்குது, என்னன்னு பாரேன்'னு கேக்கத் தோணலையா? எடுத்த எடுப்புல தண்ணி."

"அந்த ஷாம்பு..."

"அப்போ எனக்குப் பதிமூணு வயசுடி! அம்மா அடுத்த பாட்டில் வாங்கித் தரமாட்டாங்கன்னு ஊத்தினேன். உன் தலைக்கும் சேர்த்துத்தான் ஊத்தினேன்."

இதற்கான விடையை வகுத்துப் பெருக்கிக் கொண்டுவரச் சொட்டு ஒரு வழியும் படித்ததில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"இனிமே என் ட்ரம்மை நீ தொடாத" என்றாள் அக்கா. "அந்தப் பல்வலிக்காரியைப் பண்ணச் சொல்லு."

"குழப்பத்துக்கே அவங்கதான்க்கா காரணம்!"

"அவங்க உதவி பண்ணப்போய்க் குழப்பினாங்க. அது பரவால்ல, அதை நான் சமாளிச்சுக்குவேன்."

பார்வையாளர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு அக்கா போய்விட்டாள். சொட்டு சன்னலுக்கு ஓடினாள். முற்றத்தில் அக்கா வண்டியில் ஏறினாள். கதவைச் சாத்திய சத்தம் இரண்டாம் மாடிக்குக் கேட்டது. இன்ஜின் உறுமியது. போகிறாள். அவ்வளவுதான், இனி அடுத்த கல்யாணத்திலோ கருமாதியிலோ தூரத்திலிருந்து தலையாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வண்டி நகரவில்லை. ஹாரன் அடித்தது. சொட்டு சன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே விட்டாள்.

"எத்தனை மணிக்கு விடுவாங்க?" அக்கா கீழேயிருந்து கத்தினாள்.

"அஞ்சரை!"

"சரி."

இன்ஜின் அணைந்தது.

மணி மூன்று பத்து. அதற்கப்புறம் அந்த இரண்டு மணி இருபது நிமிஷத்தில் சொட்டு செய்த வேலையை வேலை என்று சொன்னால் வேலைக்கே கோபம் வரும். ஒரு குப்பி கழுவுவாள், சன்னலுக்குப் போவாள். ஒரு வரி எழுதுவாள், சன்னலுக்குப் போவாள். வண்டி அங்கேயே நின்றது. ஒரு தடவை பார்த்தபோது அக்கா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். கை வீசுகிற வீச்சைப் பார்த்தால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. இன்னொரு தடவை பார்த்தபோது இருக்கையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சொட்டும்மா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாத்தா என்ன, வண்டி பறந்தா போயிடும்?" என்றார் தொட்டிக்காரர்.

"பறந்துடும்ண்ணே. உங்களுக்கு எங்க அக்காவைத் தெரியாது."

ஐந்தரைக்குச் சங்கு ஊதி முடிப்பதற்குள் அவள் முற்றத்தில் இருந்தாள். பையை மறந்து, திரும்ப ஓடி எடுத்து, மறுபடி ஓடிவந்து, வண்டிக் கதவருகே மூச்சிரைக்க நின்றாள். என்ன சொல்வது என்று இரண்டு மணி நேரமாகத் தயார் பண்ணிய வாக்கியம் மாடிப்படியிலேயே உதிர்ந்துவிட்டது.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. நேரே சாலையைப் பார்த்தபடி, கையை நீட்டி இந்தப் பக்கக் கதவை உள்ளிருந்தே தள்ளித் திறந்தாள்.

"கோட்டைக் கழட்டிட்டு ஏறு. மருந்து நாத்தம் வண்டியெல்லாம் ஒட்டிக்கும்."